அரபு உரையாடலும் அலைபாயும் கவனமும்: உள்ளடக்கிய வகுப்பறை உருவான வரலாறு

அறிமுகம்

ஒரு மொழியில் உரையாடுவது மூன்று செயல்கள் சேர்ந்தது. பிறர் பேசுவதைக் கேட்க வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் பொருத்தமாகப் பேச வேண்டும். கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு உள்ள மாணவருக்கு இந்த மூன்றுமே கடினமானவை. சுருக்கமாக ஏ.டி.எச்.டி. எனப்படும் இந்தக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் அறிகுறிப் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். நேரில் பேசும்போதும் கேட்காதவர் போல இருத்தல், கேள்வி முடிவதற்குள் விடையைச் சொல்லிவிடுதல், தன் முறைக்குக் காத்திருக்க இயலாமை, பிறர் பேச்சில் குறுக்கிடுதல் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. அதாவது, குறைபாடு மிகத் தெளிவாக வெளிப்படும் இடங்களுள் ஒன்று உரையாடல்.

அரபு மொழிக்கும் தனக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதில் எழுதும் மொழி ஒன்று, பேசும் மொழி வேறொன்று. எனவே ஏ.டி.எச்.டி. உள்ள மாணவருக்குப் பொது வகுப்பறையில் அரபு உரையாடல் கற்பிப்பது இரண்டு பழைய கேள்விகள் சந்திக்கும் இடமாகிறது. ஒன்று, பேச்சு மொழியை எப்படிக் கற்பிப்பது என்பது. மற்றொன்று, ஓரிடத்தில் அமர முடியாத குழந்தையை என்ன செய்வது என்பது. இரு கேள்விகளிலும் நெடுங்காலம் குறை மாணவர் மீதே சுமத்தப்பட்டது. அது வகுப்பறையின் பொறுப்பாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய பள்ளிகளில் அரபுக் கல்வி

அரபு நாடுகளில் குழந்தைகள் முதலில் எழுத்தறிந்த இடம் ‘குத்தாப்’ எனப்படும் சிறு பள்ளி. குழந்தைகள் ஆசிரியரைச் சுற்றித் தரையில் அமர்ந்து, மரப்பலகையில் எழுதி, உரக்க ஓதி, மனப்பாடம் செய்தனர். திருக்குர்ஆனே முதற்பாடம். உரையாடல் தனிப் பாடமாக இருக்கவில்லை. அரபைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கு அது தேவைப்படவும் இல்லை.

அந்தக் காலத்திலேயே குழந்தையின் இயல்பைப் பற்றி அறிஞர்கள் சிந்தித்தனர். இன்றைய துனீசியாவில் உள்ள கைரவான் நகரத்தைச் சேர்ந்த இப்னு சஹ்னூன் (இறப்பு 870) ஆசிரியர்களுக்கான நடைமுறைகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். தண்டனைக்கு எல்லை வகுப்பதும் அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) இன்னும் ஒரு படி மேலே சென்றார். பள்ளி விட்டு வரும் குழந்தையை விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பிலேயே வாட்டினால் அதன் உள்ளம் சோர்ந்து அறிவும் மழுங்கும் என்பது அவர் கருத்து.

துனிஸ் நகரில் பிறந்த வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது ‘முகத்திமா’ நூலில் கல்வி பற்றித் தனிப் பகுதிகள் எழுதியுள்ளார். அவர் கூறியவற்றுள் நான்கு கருத்துகள் இங்கே முக்கியமானவை. முதலாவது, மாணவரிடம் கடுமை காட்டினால் அவருடைய ஊக்கம் குன்றும். பொய்யும் பாசாங்கும் வளரும். இரண்டாவது, பாடத்தைச் சிறிது சிறிதாக, ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகளில் கற்பிக்க வேண்டும். மூன்றாவது, வகுப்புகளுக்கு இடையே நீண்ட இடைவெளி கூடாது. இரண்டு பாடங்களை ஒரே நேரத்தில் கலக்கவும் கூடாது. நான்காவது, மொழி என்பது ‘மலகா’. அதாவது, திரும்பத் திரும்பக் கேட்டும் பயன்படுத்தியும் உள்ளத்தில் படியும் பழகிய திறன். இலக்கண விதிகளை அறிவது வேறு, மொழியைக் கையாளும் திறன் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார்.

இந்த அறிவுரைகள் இருந்தும் நடைமுறை பெரும்பாலும் ஓதுதலையும் பிரம்பையும் சார்ந்தே தொடர்ந்தது. அமைதியாக அமர்ந்து ஒப்பிப்பவரே நல்ல மாணவர் என்ற எண்ணமும் நிலைத்தது. இது அரபுப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. திண்ணைப் பள்ளிகளிலும் ஐரோப்பியப் பள்ளிகளிலும் இதே நிலைதான்.

அமைதியற்ற குழந்தைக்குப் பெயர் கிடைத்த வரலாறு

கவனம் நிலைக்காத நிலையை மருத்துவ நோக்கில் விவரித்த முன்னோடிகளுள் ஒருவர் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன். 1798இல் வெளியான தமது நூலில் கவனத்தைப் பற்றி ஓர் இயலே அவர் எழுதினார். 1840களில் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் வெளியிட்ட குழந்தைகளுக்கான படக்கதைப் பாடல் நூலில், சாப்பாட்டு மேசையில் அசையாமல் இருக்க முடியாத ஒரு சிறுவன் வருகிறான். நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேசை விரிப்போடு உணவையும் தரையில் இழுத்துப் போட்டுவிடுகிறான். அக்காலத்தில் அது குறும்புக்காரச் சிறுவனுக்கான எச்சரிக்கைக் கதை.

1902இல் லண்டனில் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் அடுத்த கட்டம். அறிவில் குறைவில்லாமலும் தம்மைக் கட்டுப்படுத்த முடியாமலும் இருந்த குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். ஆயினும் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அவர் குறிப்பிட்டார். 1937இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் பணியாற்றிய சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்து ஒன்று சில குழந்தைகளின் படிப்பையும் நடத்தையையும் மேம்படுத்தியதைப் பதிவு செய்தார். 1960களில் ‘மூளையின் சிறு செயற்குறை’ என்ற பெயர் வழக்கில் இருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயர் மாறிய விதமே ஒரு வரலாறு. 1968ஆம் ஆண்டுப் பதிப்பு மிகை இயக்கத்தை முதன்மைப்படுத்தியது. கனடாவில் வர்ஜீனியா டக்ளஸ் 1970களில் செய்த ஆய்வுகள், சிக்கலின் மையம் கவனத்திலும் அவசரத்தைக் கட்டுப்படுத்துவதிலும் உள்ளது என்று காட்டின. 1980ஆம் ஆண்டுப் பதிப்பு கவனக்குறைவை முன்னே வைத்தது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அறிகுறிகள் தொடங்கும் வயது எல்லையை 7இலிருந்து 12ஆக உயர்த்தியது. உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அப்படியானால் 40 பேர் கொண்ட வகுப்பில் சராசரியாக 2 பேர் இருப்பர்.

அரபு மொழியில் இதற்கு வழங்கும் பெயர் இரு பகுதிகள் கொண்டது: ‘ஃபர்துல் ஹரகா’, ‘தஷத்துதுல் இந்திபாஹ்’. மிகையான அசைவு, சிதறிய கவனம் என்பது பொருள். ஒழுக்கக் குறை என்ற குற்றச்சாட்டு இந்தப் பெயரில் இல்லை. பெயர் மாறியதன் பயன் இதுதான். குற்றமாகக் கருதப்படும் வரை அதற்குரிய மறுமொழி தண்டனை. குறைபாடு என்று அறிந்த பின் உதவி செய்வது கடமையாகிறது.

எழுத்து அரபும் பேச்சு அரபும்

1959இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ஒரே சமூகம் உயர் வழக்கு ஒன்றையும் பேச்சு வழக்கு ஒன்றையும் வெவ்வேறு சூழல்களில் பயன்படுத்தும் நிலையே இரட்டை வழக்கு. அவர் விரிவாக ஆராய்ந்த 4 மொழிச்சூழல்களுள் அரபும் ஒன்று. செய்தித்தாள், பாடநூல், மேடைப்பேச்சு ஆகியவற்றில் ‘ஃபுஸ்ஹா’ என்ற செம்மொழி வழங்குகிறது. வீடு, கடை, தெரு ஆகியவற்றில் ‘ஆம்மிய்யா’ என்ற பேச்சு வழக்கு வழங்குகிறது. தமிழும் இரட்டை வழக்கு உடைய மொழி என்பதால், “வந்துகொண்டிருக்கிறேன்” என எழுதி “வந்துக்கிட்டிருக்கேன்” எனப் பேசும் தமிழருக்கு இந்நிலை எளிதில் புரியும்.

அரபில் பேச்சு வழக்கு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. நலம் விசாரிக்கப் பாடநூலில் ‘கைஃப ஹாலுக’ என்று இருக்கும். எகிப்தில் அதுவே ‘இஸ்ஸய்யக்’, சிரியா, லெபனான் பக்கம் ‘கீஃபக்’, வளைகுடாவில் ‘ஷ்லோனக்’. பாடநூல் சொல்லைக் கற்றுக்கொண்ட மாணவர் கடைக்குப் போனால் அங்கே வேறு சொல் காதில் விழுகிறது. எல்லா மாணவருக்கும் இது குழப்பம்தான். நினைவில் சிலவற்றை மட்டுமே ஒரே நேரத்தில் வைத்துக் கையாள முடிகிற ஏ.டி.எச்.டி. மாணவருக்கோ, இரண்டு வடிவங்களும் ஒன்றாக வந்தால் இரண்டுமே நழுவிவிடுகின்றன.

உரையாடல் பாடநூலுக்குள் வந்தது

அரபைப் பிறமொழியாளருக்குக் கற்பிக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பெரிதும் மாறியது. அதுவரை இலக்கண விதி, வேர்ச்சொல் பட்டியல், மொழிபெயர்ப்பு ஆகியவையே பாடம். 1973இல் ஐக்கிய நாடுகள் அவை அரபைத் தன் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. எண்ணெய் வளமும் வேலைவாய்ப்பும் பேச்சு அரபின் தேவையைப் பெருக்கின.

இம்மாற்றத்தில் ஒரு தமிழகத் தொடர்பு உண்டு. வாணியம்பாடியில் பிறந்த முனைவர் வி. அப்துர் ரஹீம் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, அரபு அறியாத மாணவர்களுக்காகத் ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ என்ற பாடநூல் வரிசையை உருவாக்கினார். இவ்வரிசை உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. இலக்கண விதியைச் சொல்லி அந்த நூல் தொடங்குவதில்லை. ஒரு பொருளைச் சுட்டி, அது என்ன என்று கேட்டு, விடை சொல்ல வைத்துத் தொடங்குகிறது. கேள்வியும் விடையும் மாறி மாறி வர, விதி தானாகப் புலப்படுகிறது.

1995இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடத் தொடங்கிய ‘அல்-கிதாப்’ வரிசை மற்றொரு படி. கிறிஸ்டன் புருஸ்டாட், மஹ்மூத் அல்-பத்தால், அப்பாஸ் அல்-தூன்சி ஆகியோர் எழுதிய இந்நூலின் பிந்தைய பதிப்பு, செம்மொழி அரபோடு எகிப்திய வழக்கையும் சிரிய வழக்கையும் சேர்த்துக் கற்பிக்கிறது. பேச்சு வழக்கு பாடநூலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

இதற்கு முன்பே அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உடலசைவு வழி மொழி கற்பித்தலை உருவாக்கினார். ஆசிரியர் கட்டளை தருகிறார்; மாணவர் அதைச் செய்து காட்டுகிறார். பேசும் முன் உடல் மறுமொழி தருகிறது. ஏ.டி.எச்.டி. மாணவருக்காக இம்முறை உருவாக்கப்படவில்லை. எனினும் அசைவைப் பிழையாகக் கொள்ளாமல் கற்றலின் பகுதியாகக் கொண்டதால், அவர்களுக்கு அது இயல்பாகப் பொருந்தியது.

பொது வகுப்பறையின் கதவு திறந்தது

முறைகள் இருந்தும் இம்மாணவர்கள் வகுப்பறைக்குள் இருந்தால்தானே பயன்? 1975இல் அமெரிக்கா, குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும் பொதுக்கல்வி உரிமை அளிக்கும் சட்டம் இயற்றியது. ஆனால் ஏ.டி.எச்.டி. மாணவர்களும் அந்த உதவிகளைப் பெறத் தகுதியுடையோர் ஆகலாம் என்று அந்நாட்டுக் கல்வித்துறை தெளிவுபடுத்தியது 1991இல்தான். 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய மாநாடு, எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று அறிவித்தது. 2006இல் ஐ.நா. அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, உள்ளடக்கிய கல்வியை உரிமையாக்கியது.

அரபு நாடுகளும் இவ்வழியில் சட்டங்கள் கொண்டுவந்தன. ஐக்கிய அரபு அமீரகம் 2006இல் 29ஆம் எண் கூட்டாட்சிச் சட்டத்தையும், ஜோர்டான் 2017இல் 20ஆம் எண் சட்டத்தையும், எகிப்து 2018இல் 10ஆம் எண் சட்டத்தையும் இயற்றின. துபாய் 2017இல் உள்ளடக்கிய கல்விக்கான கொள்கை வரைவை வெளியிட்டது. அதே ஆண்டில் அமீரகத்தில் ‘அஸ்ஹாபுல் ஹிமம்’, அதாவது ‘மனவுறுதி உடையோர்’, என்ற சொல் அரசு வழக்கில் வந்தது.

அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் அரபு தாய்மொழியல்லாத மாணவரும் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் அரபு கற்க வேண்டும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் படிக்கும் தமிழ்க் குழந்தைகளும் இதில் அடங்குவர். ஆகவே, ஒரே வகுப்பில் கவனம் சிதறும் குழந்தையும் அமைதியான குழந்தையும் அருகருகே அமர்ந்து அரபு பேசக் கற்கும் சூழல் அங்கு நடைமுறையாகிவிட்டது.

இரண்டு கேள்விகளும் சந்திக்கும் வகுப்பறை

இத்தகைய வகுப்பில் பயன்தரும் வழிகளைப் பார்த்தால், அவற்றுள் பல மேலே கூறிய வரலாற்றிலிருந்தே வந்தவை என்பது தெரியும்.

முதலாவது, வாழ்த்தும் மறுமொழியும். அரபில் பல மரியாதைச் சொற்களுக்கு நிலையான மறுமொழி உண்டு. ‘ஸபாஹுல் கைர்’ என்றால் ‘ஸபாஹுந் நூர்’. ‘ஷுக்ரன்’ என்றால் ‘அஃப்வன்’. இந்த இணைகள் மிகச் சிறியவை, விடை உறுதியானது, உடனே வெற்றி கிடைக்கிறது. நீண்ட உரையாடலை மனப்பாடம் செய்ய இயலாத மாணவரும் இரண்டு நொடியில் முழுமையான ஓர் உரையாடலை முடித்துவிடுகிறார். அத்தகைய 5 இணைகளைக் கோத்தால் அதுவே ஒரு சந்திப்புக் காட்சி.

இரண்டாவது, முறையைக் கண்ணுக்குத் தெரியச் செய்தல். ‘உன் முறை வரும்வரை பொறு’ என்ற சொல் இம்மாணவரிடம் நிற்பதில்லை. ஒரு துணிப்பந்து கையில் இருப்பவரே பேசலாம் என்று வைத்தால், முறை என்பது கண்ணால் காணும் பொருளாகிறது. பந்து யாரிடம் வரும் என்று தெரியாததால் மற்றவர்களும் விழிப்புடன் கேட்கின்றனர்.

மூன்றாவது, அசைவுக்கு இடம் கொடுத்தல். ‘கும்’ என்றால் எழு. ‘இஜ்லிஸ்’ என்றால் உட்கார். ‘இஃப்தஹில் பாப்’ என்றால் கதவைத் திற. எழுந்து நடந்ததற்காகக் கண்டிக்கப்பட்ட மாணவர், இங்கே எழுந்து நடந்ததற்காகப் பாராட்டுப் பெறுகிறார். பின்னர் அவரே கட்டளையிடும் இடத்துக்கு வரும்போது பேச்சுப் பயிற்சி தொடங்கிவிடுகிறது.

நான்காவது, ஒலி வேறுபாட்டைச் செயலோடு இணைத்தல். அரபில் தொண்டையின் ஆழத்தில் ஒலிக்கும் ‘க’வுடன் ‘கல்ப்’ என்றால் இதயம். சாதாரணக் ககரத்துடன் ‘கல்ப்’ என்றால் நாய். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கேட்டவுடன் நெஞ்சில் கை வைப்பதா, நாய்ப் படத்தைத் தொடுவதா என்று விளையாட்டாக்கினால், காது கூர்மையாகும்; கையும் சும்மா இருக்காது.

ஐந்தாவது, நேரத்தைப் பகுத்தல். 40 நிமிடப் பாடவேளையை 10 நிமிடம் கொண்ட 4 பகுதிகளாக்கி, கேட்டல், அசைவு, இருவர் பேச்சு, படம் பார்த்துச் சொல்லுதல் என மாற்றினால் கவனம் புதுப்பிக்கப்படுகிறது. முன்னிலையில் ஆணை ‘அன்த’ என்றும் பெண்ணை ‘அன்தி’ என்றும் அழைக்கும் வேறுபாட்டை இரு நிற அட்டைகளால் காட்டினால் நினைவின் சுமை குறைகிறது.

ஆறாவது, ஒரு நேரத்தில் ஒரு வழக்கு மட்டும். செம்மொழி வடிவம் நன்கு பதிந்த பின்பே ஊர் வழக்கை அறிமுகம் செய்வதும், ஊர் வழக்கில் தொடங்கிப் பின்னர் செம்மொழிக்குப் போவதும் நடைமுறையில் உள்ளன. எந்த வரிசையாயினும் இரண்டையும் ஒரே பாடவேளையில் கலக்காமல் இருப்பதே கவனம் சிதறும் மாணவருக்கு நல்லது. இரண்டைக் கலக்கக் கூடாது என்ற இப்னு கல்தூனின் அறிவுரை இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது.

இந்த உத்திகள் ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு மட்டுமல்லாமல் வகுப்பில் உள்ள அனைவருக்கும் உதவுகின்றன. ஒருவரைத் தனியே பிரித்து உட்கார வைக்காமல் எல்லோரும் ஒரே பந்தைப் பிடித்து விளையாடுவதே உள்ளடக்கிய கல்வியின் நடைமுறைப் பொருள்.

நீடிக்கும் சிக்கல்கள்

சட்டம் வந்ததால் வகுப்பறை உடனே மாறிவிடவில்லை. பெரிய வகுப்புகளில் ஒவ்வொரு மாணவருக்கும் பேசும் வாய்ப்பு ஓரிரு முறைதான் கிடைக்கிறது. இருவர் இருவராகப் பேச வைத்தால் வாய்ப்பு பெருகும், இரைச்சலும் பெருகும். இரைச்சலே கவனத்தைச் சிதறடிக்கும் என்பதால் ஆசிரியர் இரண்டுக்கும் நடுவே வழி தேட வேண்டியுள்ளது.

மற்றொரு சிக்கல், அமைதியாக இருக்கும் ஏ.டி.எச்.டி. மாணவர்கள். ஓடுபவரும் குறுக்கிடுபவரும் ஆசிரியர் கண்ணில் படுகின்றனர். சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கனவில் இருப்பவர் படுவதில்லை. பெண் குழந்தைகளிடம் இவ்வகை அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. உரையாடல் வகுப்பில் இவர்கள் ‘கூச்சம் உள்ளவர்’ அல்லது ‘மொழி வராதவர்’ என்று தவறாகக் கணிக்கப்படுகின்றனர்.

வாய்மொழித் தேர்வும் ஒரு தடை. ஆசிரியர் ஒருமுறை கேள்வியைச் சொல்லி உடனே விடையை எதிர்பார்த்தால், சோதிக்கப்படுவது அரபு அன்று, கவனமே. கேள்வியைத் திரும்பச் சொல்லுதல், படத்தோ எழுத்தோடு காட்டுதல், யோசிக்கச் சில நொடிகள் கூடுதலாகத் தருதல் ஆகியவை மதிப்பெண்ணை இனாமாகத் தருவன அல்ல. மாணவருக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதைக் காண உதவுவன. குறைபாடு உள்ளதா என்று முடிவு செய்வது மருத்துவரின் பணி. கண்டதைப் பதிவு செய்து பெற்றோரிடம் பொறுமையாகப் பகிர்வதும், பாடத்தை மாற்றியமைப்பதும் ஆசிரியரின் பணி.

நிறைவு

விளையாட்டைத் தடுத்தால் அறிவு மழுங்கும் என்று கஸ்ஸாலி கூறி 900 ஆண்டுகள் கடந்துவிட்டன. மொழி என்பது பழகிய திறன் என்று இப்னு கல்தூன் எழுதி 600 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அமர முடியாத குழந்தையை ஒழுக்கக் குறையுடையது என்று கருதிய காலம் 100 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தது. இந்தக் கருத்துகள் ஒன்றையொன்று சந்தித்து வகுப்பறைக்குள் வரச் சட்டமும் ஆய்வும் பாடநூலும் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது.

உரையாடல் வகுப்பில் தோற்கும் மாணவர் இழப்பது ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை மட்டுமன்று. பேச வாயெடுத்தாலே கண்டிக்கப்படுவோம் என்று கற்றுக்கொண்ட குழந்தை, அரபில் மட்டுமல்லாமல் தன் தாய்மொழியிலும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்ளக்கூடும். அதே குழந்தை ஒரு காலை வேளையில் ‘ஸபாஹுல் கைர்’ என்பதைக் கேட்டு, காத்திருந்து, ‘ஸபாஹுந் நூர்’ என்று மறுமொழி சொல்லிவிட்டால், கேட்டல், காத்தல், பேசுதல் ஆகிய மூன்றும் அங்கே நிறைவேறிவிடுகின்றன. அந்தச் சிறு வெற்றியை நாள்தோறும் எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கச் செய்வதே உள்ளடக்கிய வகுப்பறையின் நோக்கம்.